இன்னும் அஞ்சு நிமிசம்

எனக்குச் சைக்கிள் கிடைக்காமல் போனதற்கு இன்றுவரை ஒரே ஒரு ஆளைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன். என் தாய்மாமன். இப்போது எனக்குச் சம்பளம் வருகிறது, ஸ்கூட்டி இருக்கிறது, அதில் அவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டும் வருகிறேன். ஆனாலும் அவர் ஏறி உட்காரும்போதெல்லாம், "ஏன் மாமா, அன்னைக்கு அந்த விசில மட்டும் நேரத்துக்கு ஊதியிருந்தா..." என்று ஆரம்பித்துவிடுவேன். "இன்னும் அதையே பேசிக்கிட்டு இருக்கியா நீ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பிக்கொண்டு சிரிப்பார். கண்ணாடியில் எனக்குத் தெரியும்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. குரும்பலூரில் எங்கள் தெருவிலேயே சைக்கிள் இல்லாத பிள்ளை நான் ஒருத்திதான் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். எண்ணிப் பார்த்தால் இன்னும் நாலைந்து பேர் தேறியிருப்பார்கள். அப்பாவிடம் கேட்டால் ஒரே பதில்தான். "பதினொண்ணாவது போனா கவர்மெண்டே குடுக்கப் போவுது. அதுக்குள்ள என்ன அவசரம்?" ஆறிலிருந்து பதினொன்றுக்கு ஐந்து வருடம். அப்பா வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். ஊரில் பாதி வீட்டுக்கு கேட்டும் ஜன்னல் கிரில்லும் அவர் போட்டதுதான். இவ்வளவு இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு சைக்கிளை ஒட்டித் தரக்கூடாதா என்று ஒருமுறை பட்டறையிலேயே போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அப்பாவுக்கு ஒரே அண்ணன், என் பெரியப்பா. அரியலூர்ப் பக்கம் சிமெண்டு லாரி ஓட்டுபவர். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், என் தலை உயரம். அந்தச் சுவருக்கு மேலாக மூன்று வருடமாக ஒரு வார்த்தை போகவில்லை. காரணம் ஒரு பத்திரிகை. பெரியப்பா பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டினார். புதுமனை புகுவிழாவுக்கு அடித்த பத்திரிகையில் அப்பாவின் பெயர் கடைசி வரியில், பெரியப்பாவின் லாரி சிநேகிதர்கள் ஏழு பேருக்கும் கீழே வந்துவிட்டது. பிரஸ்காரன் செய்த தப்பு என்றார் பெரியப்பா. "பிரஸ்காரனுக்கா நான் தம்பி? அவருக்குத்தான தம்பி" என்றார் அப்பா. பால் காய்ச்சிய அன்று எங்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். குழாய் ஸ்பீக்கரை எங்கள் வீட்டைப் பார்த்தே கட்டியிருந்ததால் விழா முழுவதையும் காதால் கேட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் நடுவே நான்தான் தபால்காரி. "ஒங்க பெரியப்பாகிட்ட சொல்லு, லாரிய நம்ம வாசல்ல நிறுத்த வேணாம்னு" என்பார் அப்பா. பெரியப்பா நாலடி தூரத்தில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருப்பார். நான் நாலடி நடந்துபோய்ச் சொல்வேன். "சரின்னு சொல்லு" என்பார். திரும்ப நாலடி நடந்து வருவேன். அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் இந்தச் சண்டையில் சேரவே இல்லை. கொல்லைப் பக்கமாகக் குழம்புக் கிண்ணங்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தன. அப்பா ஒரு வாய் வைத்ததுமே அது யார் வைத்த குழம்பு என்று தெரிந்துகொள்வார். தெரியாத மாதிரி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வார்.

அம்மாவின் தம்பிதான் மாமா. கல்யாணம் ஆகாதவர், எங்கள் வீட்டிலேயே இருந்தார். பெரம்பலூருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே ஓடும் மினி பஸ்ஸில் கண்டக்டர். நேரத்தைப் பற்றி அவர் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். "எப்பப்பா எடுப்பீங்க?" என்று கேட்டால், "இந்தா எடுத்தாச்சு, ரெண்டே நிமிசம், ஏறி ஒக்காருங்க" என்பார். டிரைவர் எதிர்க் கடையில் அப்போதுதான் டீ சொல்லியிருப்பார். ஆனால் வண்டி கிளம்பிய பிறகு தூரத்தில் யாராவது பையும் கையுமாக ஓடிவருவது தெரிந்தால், "மெதுவா வாங்க, இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு" என்று கத்திவிட்டு விசிலடித்து வண்டியை நிறுத்திவிடுவார். உள்ளே இருப்பவர்கள் கண்டபடி ஏசுவார்கள். ஓடிவந்த ஆள் ஏறுகிறவரை அவர் காதில் எதுவும் விழாது.

அந்த வருடம் பொங்கல் விளையாட்டு விழாவில் எங்கள் தெரு இளைஞர் மன்றம் புதிதாகச் சீட்டுப் போட்டி வைத்தது. கோலம், மியூசிக்கல் சேர், உறியடி எல்லாம் வழக்கமாக உண்டு. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நீங்கள் ஒன்றுமே வைப்பதில்லை என்று பெரிய ஆட்கள் சண்டை பிடித்ததால் வந்த போட்டி இது. சீட்டு என்றாலே போலீஸ் ஞாபகம் வரும். அதனால் காசு வைத்து ஆடவில்லை என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு, சமுதாயக் கூடத்துக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்துபோட்டு நடத்தினார்கள்.

ஆட்டம், துருப்பு. மேசைக்கு நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு இறக்க, பெரிய சீட்டுக்காரர் அள்ளுவது ஒரு பிடி, துருப்புச் சீட்டு எதையும் வெட்டும், மொத்தம் பதின்மூன்று பிடி. ஏழு பிடி பிடித்த ஜோடிக்கு அந்த ஆட்டம். முதல் பரிசு இரண்டு சைக்கிள், ஜோடியில் ஆளுக்கொன்று, ஒரு லாரி முதலாளியின் உபயம். இரண்டாம் பரிசு இரண்டு சுவர்க் கடிகாரம். சைக்கிள் இரண்டும் பாலிதீன் சுற்றியபடி மேடையில் நின்றன. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. முன்னால் கூடை வைத்திருந்த சிவப்பை நான் எடுத்துக்கொள்வது என்று முடிவுசெய்துவிட்டேன். அதற்குள் பாலிதீனைக் கொஞ்சம் கிழித்தும் பார்த்தேன்.

அப்பாவின் பெயரைப் போட்டிக்குக் கொடுத்தது அம்மா. பெரியப்பா பெயரைக் கொடுத்தது பெரியம்மா. ஜோடியைக் குலுக்கிப் போட்டுத்தான் எடுப்பது என்று மன்றத்தில் பேசி வைத்திருந்தார்கள். வழக்கமாகச் சேர்ந்து ஆடுகிறவர்களை ஜோடியாக விட்டால், காதைச் சொறிந்தால் ஆர்ட்டின், மூக்கைத் தேய்த்தால் கிளாவர் என்று ஏதாவது ஏற்பாடு வைத்திருப்பார்களாம். எல்லோர் பெயரையும் துண்டுத்தாளில் எழுதி மாமாவின் கண்டக்டர் பையில் போட்டு, அவரையே எடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அந்தத் தோல்பையில் பெரிய அறை ஒன்று, சில்லறை போடுகிற சின்ன அறை ஒன்று. எல்லாப் பெயரும் பெரிய அறையிலிருந்துதான் வந்தன. அப்பாவின் பெயரையும் அதற்கு அடுத்ததையும் மட்டும் மாமா சின்ன அறையிலிருந்து எடுத்தார். கண்டக்டர் கை பழக்கதோஷத்தில் சில்லறைக்குத்தானே போகும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த அடுத்த பெயர் பெரியப்பாவுடையது.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மாமா உடனே விசிலடித்தார். "ஏறுன வண்டியில பாதியில எறங்கக் கூடாது பெரிய மாமா!" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். பெண்கள் பக்கமிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார். "குலுக்கல்ல வந்தத ஒங்களுக்காக மாத்துனா மத்தவங்க சும்மா இருப்பாங்களா? ஒக்காருங்க." பெரியப்பா நின்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் சிவப்புச் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பெருமூச்சு விட்டுவிட்டுப் போய் மேசையில் உட்கார்ந்தார். எதிரே பெரியப்பாவும் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டார்கள்.

போட்டியில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. ஆட்டம் நடக்கும்போது ஜோடிக்குள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் ஒரு பிடி எதிராளிக்குப் போய்விடும். முதல் சுற்றிலேயே பக்கத்து மேசையில் ஒருவர், "அட, அத ஏன்யா போட்ட?" என்று கத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு பிடி போயிற்று. இன்னொரு மேசையில் புருசன் பெண்டாட்டி குலுக்கலில் சேர்ந்து வந்து, மூன்று பிடி பறிகொடுத்தார்கள். எங்கள் ஆட்களுக்கு இந்த விதியால் ஒரு கஷ்டமும் இல்லை. மற்றவர்கள் அன்று காலையில்தான் பழக ஆரம்பித்தார்கள். இவர்களுக்கு மூன்று வருடப் பழக்கம்.

அதோடு, ஆட்டம் என்று வந்துவிட்டால் இரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி ஆடினார்கள். சின்ன வயதில் அடுத்தவர் கொல்லையில் வெங்காயத்தைக் குவித்து மூடிவைக்கும் பட்டறைக்குக் காவல் கிடந்தபோது அண்ணனும் தம்பியும் பழகிய ஆட்டம் இது. அப்பா ஒரு மூன்றைப் போட்டால் அவர் கையில் ராஜா இருக்கிறதா இல்லையா என்று பெரியப்பாவுக்குத் தெரிந்துவிடும். பெரியப்பா சீட்டை இறக்குவதற்கு முன்னாலேயே அப்பா அடுத்த சீட்டை விரலால் தள்ளித் தயாராக வைத்திருப்பார். பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்தார்கள். முதல் சுற்றில் ஜெயித்தார்கள். இரண்டாம் சுற்றிலும் ஜெயித்தார்கள். பிடிகளை அடுக்கி வைக்கும்போது பெரியப்பா கை அப்பா கைமேல் பட்டால் இரண்டு பேரும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது நேரக் கதைக்கு வருகிறேன். ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம். விசில் ஊதுவதற்குள் யார் அதிக ஆட்டம் ஜெயித்திருக்கிறார்களோ அவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். பாதியில் நிற்கிற ஆட்டத்தில், அந்த நிமிடத்தில் யாரிடம் அதிகப் பிடி இருக்கிறதோ ஆட்டம் அவர்களுக்கு. அதனால் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது ஆடுகிறவர்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். நேரம் குறைவு என்றால் கையில் இருக்கிற நல்ல சீட்டை உடனே இறக்கிவிடுவார்கள், நேரம் இருந்தால் பதுக்கி வைப்பார்கள். சமுதாயக் கூடத்துக் கடிகாரமோ திறப்பு விழாவிலிருந்தே நாலு இருபதில் நின்றிருந்தது. போன் பார்த்து ஏமாற்றுவார்கள் என்று எல்லோர் போனையும் வாங்கி ஒரு அண்டாவில் போட்டு மூடிவிட்டார்கள். ஆகவே நேரம் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. தொண்டையும் விசிலும் சொந்தமாக வைத்திருந்ததால் அந்த வேலை மாமாவுக்குக் கிடைத்தது.

முதல் சுற்றில் அவர் தன் குணத்தைக் காட்டிவிட்டார். ஆரம்பித்துக் கால்மணி ஆவதற்குள், "ரெண்டே நிமிசம், ரெண்டே நிமிசம், சீக்கிரம் முடிங்க!" என்று மேசை மேசையாகப் போய் விரட்டினார். ஜனங்கள் பதறிப்போய்த் துருப்பையெல்லாம் அள்ளி இறைத்தார்கள். அதற்குப் பிறகும் ஐந்து தடவை இரண்டு நிமிடம் வந்தது. கூடமே எழுந்து சத்தம் போட்டது. மன்றத் தலைவர் தன் கை வாட்சைக் கழற்றி மாமாவிடம் கொடுத்து, "இது ஒங்க மினி பஸ் இல்லப்பா. முள்ளு எதக் காட்டுதோ அத மட்டும் சொல்லு" என்றார். மாமா திருந்திவிட்டார். அடுத்த சுற்றுகளில் "முப்பது நிமிசம்", "இருபது", "பத்து", "அஞ்சு" என்று ரேடியோ மாதிரி சொன்னார். தேர்த் திருவிழாவில் வாங்கிய டிஜிட்டல் வாட்சு ஒன்று என் கையில் இருந்தது. ஸ்டாப்வாட்சு ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு நொடி முன்னே பின்னே இல்லை. என் மாமா என்று பக்கத்துப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டேன்.

பைனலுக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. எதிரே உட்கார்ந்தவர்கள் இரண்டு பேரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் ரிட்டயரான கணக்கு வாத்தியார். விழுந்த சீட்டு அத்தனையும் அவருக்கு மனப்பாடம். இன்னொருவர் மாமா வேலை பார்க்கும் மினி பஸ்ஸின் ஓனர்.

விசில் அடித்து ஆட்டம் தொடங்கியது. நானும் ஸ்டாப்வாட்சைத் தட்டினேன். "முப்பது நிமிசம்!" சரியாக இருந்தது. "பத்து நிமிசம்!" சரி. "அஞ்சு நிமிசம்!" அதுவும் சரி. அப்போது எங்களுக்கு ஐந்து ஆட்டம், அவர்களுக்கு மூன்று. இனி என்ன ஆனாலும் நாங்கள்தான். நான் மேடைப் படியில் ஏறிச் சிவப்புச் சைக்கிளின் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

நாற்பது நிமிடம் ஆயிற்று. விசில் வரவில்லை. நாற்பத்தொன்று. மாமா கையில் தலைவரின் வாட்சு இருந்தது, வாயில் விசில் இருந்தது. கண் மட்டும் அப்பாவும் பெரியப்பாவும் இருந்த மேசைமேல் இருந்தது. விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு!" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்பத்தாறாவது நிமிடத்தில் மறுபடியும், "இன்னும் அஞ்சு நிமிசம்!" அதற்குள் எதிராளிகள் ஒரு ஆட்டம் பிடித்துவிட்டார்கள். பிறகு இன்னொன்று. ஐந்துக்கு ஐந்து. ஓனர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெம்பாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடப் பாவி! சம்பளம் கொடுக்கிற ஓனருக்கு வால்பிடிப்பதற்காகச் சொந்த அக்கா வீட்டுக்கே துரோகம் பண்ணுகிறார் இந்த மனுசன். மூன்று வேளையும் எங்கள் வீட்டுச் சோறுதான் தின்கிறார்!

ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "மாமா, டைம் ஆயிருச்சு, ஊதுங்க!"

"ஒன்னுது திருவிழா வாட்சு. அது அப்பிடித்தான் ஓடும், போ" என்றார். விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு டீ குடிக்க வெளியே போயேவிட்டார். அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, மாமா ஏமாத்துறாரும்மா." "சும்மா இரு புள்ள" என்றாள் அம்மா, மேசையை விட்டுக் கண்ணை எடுக்காமல். பெரியம்மா அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இவர்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பவும் மேடைக்குப் போய்ச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன்.

இதுதான் கடைசி ஆட்டம் என்று தலைவர் சொல்லிவிட்டார், விசில் வந்தால் இதுவும் பாதியில் நிற்கும். ஐந்து பிடி எங்களுக்கு, ஐந்து அவர்களுக்கு. இன்னும் மூன்றுதான் பாக்கி. வாத்தியார் ஒரு சீட்டை இறக்க, அப்பாவும் ஓனரும் போட்டுவிட்டார்கள், கடைசியாகப் பெரியப்பா. அவர் கையில் துருப்பு ராணி இருந்தது. உடனே விசில் வரும் என்றால் ராணியால் வெட்டி இந்தப் பிடியை எடுத்துவிட வேண்டும், ஆறுக்கு ஐந்து, சைக்கிள் எங்களுக்கு. நேரம் இருக்கிறது என்றால் இதை விட்டுக்கொடுத்துவிட்டு, ராணியைப் பதுக்கி, கடைசி இரண்டையும் வாரலாம். நேரம் தெரியாமல் அவரால் சீட்டை இறக்க முடியவில்லை. தலையைத் தூக்கி மாமாவைத் தேடினார். மாமா இல்லை. தலைவர் மேடையில் பரிசுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா கூடம் முழுவதும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடைசியில் தனக்கு எதிரே இருந்தவரைப் பார்த்தார்.

"டேய்... இன்னும் எவ்ளோ நேரம்டா இருக்கு?"

அப்பா தன் சீட்டைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் கையில் வாட்சு இருப்பது அவருக்குத் தெரியும். நான் வாட்சை உயர்த்திக் காட்டி, இரண்டு கையையும் குறுக்கே வைத்து, முடிந்துவிட்டது, முடிந்துவிட்டது என்று ஆட்டிக் காட்டினேன். அப்பா பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு பெரியப்பா பக்கம் திரும்பினார்.

"இருக்குண்ணே. அவசரமே இல்ல. யோசிச்சு ஆடு."

"இல்லப்பா!" என்று கத்திவிட்டேன். "டைம் முடிஞ்சு பதினஞ்சு நிமிசம் ஆச்சு!"

கூடமே சிரித்தது. "விசில் ஊதாம டைம் முடியாது பாப்பா" என்றார் தலைவர். பெரியப்பா நிதானமாக ராணியைப் பதுக்கினார். கடைசி இரண்டு பிடியும் வந்தன. ஏழுக்கு ஆறு! நான் சைக்கிளின் கூடையைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டேன்.

வாத்தியார் தன் பிடிகளை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு விரலைத் தூக்கினார். "ஒரு நிமிசம். ஜோடிக்குள்ள பேசுனாங்க. ஒரு பிடி இங்க வரணும்." அப்படியானால் ஆறுக்கு ஏழு.

கூடத்தில் ஒரே கூச்சல். நேரம் கேட்பதெல்லாம் பேச்சா என்று பாதிப்பேர். விதி விதிதான் என்று பாதிப்பேர். நான் சந்தேகப்பட்ட அந்த ஓனரே, "விடுங்க சார், மணிதான கேட்டாரு" என்றார். தலைவர் இறங்கி வந்து பெரியப்பாவிடம் கேட்டார். "நீங்களே சொல்லுங்கண்ணே. ஆட்டத்துல பேசுனீங்களா? இல்ல சும்மா டைம் கேட்டதுதானா?"

ஒரு வார்த்தை போதும். டைம்தான் கேட்டேன் என்று சொன்னால் சைக்கிள் எங்களுக்கு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அப்பாவைப் பார்த்தார். பிறகு கூடம் முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"பேசுனோங்க. நானும் என் தம்பியும் பேசுனோம்."

"ஆமாங்க" என்றார் அப்பா. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைப் போலவே அவருக்கும் சைக்கிள் போன துக்கம் தாங்கவில்லை என்று நினைத்து அவருக்காகவும் சேர்த்து அழுதேன். வாசலில் டீ கிளாசோடு நின்றிருந்த மாமா அப்போதுதான் விசிலை எடுத்து ஊதினார். பஸ் கிளம்பும்போது ஊதுகிற அதே நீள விசில்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு சுவர்க் கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் அந்த ராஜாவை முன்னாலேயே இறக்கியிருக்க வேண்டும் என்று ஒருவர், இல்லவே இல்லை என்று இன்னொருவர். தெருமுனையில் நின்று பத்து நிமிடம் சண்டை போட்டார்கள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு பின்னால் வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேசரி கிண்டினாள். பெரியம்மா முந்திரி கொண்டுவந்து கொட்டினார். தோற்றதற்குக் கேசரி கிண்டுகிற குடும்பத்தை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது என்று எண்ணிக்கொண்டே இரண்டு தட்டுத் தின்றேன். மாமாவோடு அன்றிலிருந்து ஒரு மாதம் பேச்சை நிறுத்தினேன். பேசாமல் இருப்பது எப்படி என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. "ஒங்க தம்பிகிட்ட சொல்லுங்கம்மா, என் பென்சில எடுக்க வேணாம்னு" என்று அவர் காதுபடவே அம்மாவிடம் சொல்வேன்.

கடிகாரம் இரண்டும் ஒரே மாதிரி. ஒன்றை எங்கள் கூடத்தில் மாட்டினோம். இன்னொன்று பெரியப்பா வீட்டுக் கூடத்துக்குப் போயிற்று. அதற்கு அடுத்த நாளிலிருந்து ஒரு புது வழக்கம் ஆரம்பித்தது. சாயங்காலம் அப்பா பட்டறையிலிருந்து வந்து கைகால் கழுவுவார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பாவின் குரல் வரும்.

"டேய், மணி என்னடா?"

அப்பா எட்டி எங்கள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஆறே முக்கால்ணே" என்பார். பிறகு இரண்டு பேரும் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அரைமணி நேரம் பேசுவார்கள். லாரி டயர், கம்பி விலை, ஊர்க்கதை, எது கிடைக்கிறதோ அது. பெரியப்பா லாரியில் போகாத நாளெல்லாம் இது நடந்தது. ஒரு நாள்கூட மணி கேட்காமல் அவர் பேச்சை ஆரம்பித்ததில்லை.

எனக்குப் பெரியப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது. பரிசு கொடுத்தவர்கள் அவருக்கு மட்டும் ஓடாத கடிகாரத்தைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்! கடைக்குப் போய் ஒரு பென்சில் பேட்டரி வாங்கிவந்து, சுவர்மேல் எக்கி அவரிடம் கொடுத்தேன். "ஒங்க கடியாரத்துக்குப் பெரியப்பா." அவர் பேட்டரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "நல்லவேளை குடுத்த தாயி" என்று சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அதே குரல். "டேய், மணி என்னடா?"

வாசல் வழியாக ஓடி அவர் வீட்டுக் கூடத்துக்குப் போனேன். கடிகாரம் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. என் வாட்சோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆறு ஐம்பது. ஒரு நொடி முன்னே பின்னே இல்லை. பெரியப்பா படிக்கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு அப்பாவின் பதிலுக்காகச் சுவர்ப் பக்கம் காதைச் சாய்த்து நின்றார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பைனலில் அவர் ஏன் அப்பாவிடம் நேரம் கேட்டார் என்பதும் சேர்த்து விளங்கிவிட்டது. பாவம், பெரியப்பாவுக்கு மணி பார்க்கவே தெரியாது. இந்த வயதில் இதை வெளியே சொன்னால் எவ்வளவு வெட்கப்படுவார்! சத்தம் போடாமல் திரும்பி நடந்தேன். அதைக் கடைசிவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.